அணங்குதல்: துன்புறுதலைக் குறித்த பழஞ்சொல்லின் பொருளும் ஆட்சியும்

1. முன்னுரை

தமிழ்நாட்டின் ஆரம்பாக்கத்தைக் கடந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஆந்திரப் பிரதேசத்தின் முதல் ஊர்களுள் ஒன்றாக அமைவது தடா. பழவேற்காட்டு ஏரியை அடுத்துள்ள இவ்வூர் நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் புதிய திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் கூறும் வேங்கடமும் இன்று இதே மாவட்டத்தில்தான் உள்ளது. வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நிலத்தை அகப்பாடல்கள் ‘மொழிபெயர் தேஎம்’ என்று குறிக்கின்றன. மொழி மாறுகின்ற நிலம் என்னும் இத்தொடரே மொழிபெயர்ப்பு என்னும் இன்றைய கலைச்சொல்லை நினைவூட்டுவது கருதத்தக்கது.

இரு மொழிகள் அடுத்தடுத்து வழங்கும் இத்தகைய எல்லையில், ஒலியால் நெருங்கியும் பொருளால் விலகியும் நிற்கும் சொற்கள் மொழிபெயர்ப்பாளரை எளிதில் வழிதவறச் செய்வன. தமிழில் ‘அணங்கு’, தெலுங்கில் ‘அணகு’ என்னும் இரண்டும் அத்தகைய இணை. இரண்டுமே துன்பத்தோடு தொடர்புடையன. ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தல் இயலாது. மேலும், அணங்கு என்னும் சொல்லின் முதற்பொருளே இன்றைய தமிழ் வாசகர்க்கு மறைந்துவிட்டது. தெய்வமகள், அழகிய பெண் என்னும் பொருள்களே இன்று எஞ்சியுள்ளன. வருத்துதல், வருத்தப்படுதல் என்னும் வினைப்பொருளே இச்சொல்லின் அடிப்படை என்பதையும், அப்பொருளை இழந்து பழம்பாடல்களைப் படிக்கும்போதும் பெயர்க்கும்போதும் நேரும் இழப்பு எத்தகையது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வினை வடிவமும் அதன் இயல்பும்

தமிழில் மெல்லினத்தை அடுத்து வல்லினம் வரும் தன்வினை வடிவங்கள் பலவற்றுக்கு வல்லினம் இரட்டித்த பிறவினை இணை உண்டு. அடங்கு-அடக்கு, ஒடுங்கு-ஒடுக்கு, கலங்கு-கலக்கு என்பன சான்று. இவ்வமைப்பின்படி அணங்கு என்பது தன்வினையாகி, அதற்கு ‘அணக்கு’ என்றொரு பிறவினை இருத்தல் வேண்டும் என எதிர்பார்க்கலாம். ஆனால் கீழே எடுத்துக்காட்டப்பெறும் பாடல்கள் எவற்றிலும் அவ்வடிவம் இல்லை. பிறிதொன்றை வருத்துதல் என்னும் பொருளிலும் அணங்கு என்னும் வடிவமே வருகிறது.

குறுந்தொகை 119ஆம் பாடல் இதற்குத் தெளிவான சான்று. சத்திநாதனார் பாடிய இப்பாடலில் சிறிய வெள்ளைப் பாம்பின் வரிகளையுடைய குட்டி ஒன்று காட்டு யானையை ‘அணங்குகிறது’. அதுபோல இளைய பெண் ஒருத்தி தன்னை ‘அணங்கினாள்’ என்று தலைவன் கூறுகிறான். இங்கே பாம்புக்குட்டி எழுவாய், யானை செயப்படுபொருள். தெய்வமோ, புனித ஆற்றலோ, அழகோ இவ்வுவமையில் இல்லை. மிகச் சிறியதொன்று மிகப் பெரியதொன்றை நிலைகுலையச் செய்யும் செயலே அணங்குதல் எனப்படுகிறது. உவமையின் ஆற்றல் முழுவதும் அவ்வினையில் அடங்கியுள்ளது.

வருத்தத்தை ஏற்பவரை எழுவாயாக்க வேண்டிய இடத்தில் பழந்தமிழ் ‘உறு’ என்னும் துணையை நாடுகிறது. நோயுறுதல், துயருறுதல் என்பனபோல அணங்குறுதல் என்பது உண்டு. இதன்மேல் மீண்டும் ஒரு பிறவினை அமையும்போது அணங்குறுத்தல் என்றாகிறது. திருக்குறளின் 109ஆம் அதிகாரத்தின் பெயர் ‘தகையணங்குறுத்தல்’. தலைவியின் வனப்புத் தன்னை வருத்தியவாற்றைத் தலைவன் சொல்லுதல் என்று பரிமேலழகர் இப்பெயரை விளக்குவர். அவர் காலத்தில் பெயர்ச்சொல்லாக அணங்கு தெய்வமகளைக் குறித்துவிட்ட போதிலும், அதிகாரப் பெயரில் வருத்துதல் என்னும் பொருளையே அவர் கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக, இச்சொல்லின் ஆட்சியில் மூன்று நிலைகளைப் பிரித்துணரலாம். அணங்குதல் என்பது வருத்துபவர் நோக்கிலிருந்து நிகழ்ச்சியைக் கூறுவது. அணங்குறுதல் என்பது அதனை வருந்துபவர் நோக்கிலிருந்து கூறுவது. பெயராக வரும் அணங்கு, வருத்தம் என்னும் நிகழ்ச்சியையும் குறிக்கலாம். வருத்தும் பொருளையும் குறிக்கலாம். பின்னர் நேர்ந்த குழப்பங்களுக்கெல்லாம் இப்பெயர் வடிவத்தின் இருதலைத் தன்மையே காரணமாகும்.

3. வருத்துவோர் யாவர்?

சங்கப் பாடல்களில் அணங்கு எவ்வெவற்றோடு சேர்ந்து வருகிறது என நோக்கும்போது, அதன் பரப்பு வியப்புக்குரியதாக உள்ளது. புறநானூறு 52இல் புலி வாழும் மலைமுகடு ‘அணங்குடை’ எனப்படுகிறது. புறநானூறு 299இல் பொன்முடியார் முருகனை அவ்வாறே அடைகொடுத்துக் கூறுகிறார். அகநானூறு 207இல் கடல் அவ்வடையைப் பெறுகிறது. அக்கடலின் நீர் பரந்த பாத்தியில் விளையும் உப்பைக் கழுதைமேல் ஏற்றிச் செல்லும் வணிகர் அங்கே பேசப்படுகின்றனர். ஐங்குறுநூறு 28இல் நீருண்ணும் துறையில் உறையும் அணங்கு தலைவியைப் பற்றியதோ என்னும் ஐயம் எழுப்பப்படுகிறது. ஐங்குறுநூறு 53இல் அதே ஐயம் மறுக்கப்படுகிறது: தான் உற்ற நோய்க்குத் துறை எவ்வாறு காரணமாகும் என்று தலைவி வினவுகிறாள்.

மலை, கடல், துறை, பாம்பு, முருகன், தலைவியின் இளமை, தலைவனின் மார்பு என இவை பலவகைப்பட்டன. இவற்றை ஒன்றுசேர்ப்பது புனிதத்தன்மை எனக் கூறுதற்கில்லை. பாம்புக்குட்டியில் புனிதம் யாதும் இல்லை. பெண்மை எனவும் கூற இயலாது. கடலும் முருகனும் தலைவன் மார்பும் அதனுள் அடங்கா. தன்னை அணுகியவரை வருத்தவல்லது என்னும் ஒன்றே இவை அனைத்துக்கும் பொதுவாக உள்ளது.

இலக்கண நூலாரும் இதனை உணர்ந்திருந்தனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் நான்கினைக் கூறுமிடத்து அணங்கை முதலில் வைக்கிறது; விலங்கு, கள்வர், தம் இறை என்பன ஏனை மூன்று. பேராசிரியர் தம் உரையில் பேய், பூதம் முதலிய கணங்களையும், அணங்குதலைத் தொழிலாக உடைய பெண்டிரையும், இடியோசை போன்றவற்றையும் இதன்கண் அடக்குகிறார். ‘அணங்குதலைத் தொழிலாக உடையவர்’ என்னும் கருத்து நுணுகி நோக்கற்பாலது. பெயருக்கு விளக்கம் தரும்போது உரையாசிரியர் வினையையே அளவுகோலாகக் கொள்கிறார். உயிருள்ளதாயினும் இல்லதாயினும், ஆணாயினும் பெண்ணாயினும் வருத்தும் தொழில் உடையது எதுவோ அது அணங்கு. இடியோசை இப்பட்டியலில் இடம்பெற்றதற்கு வேறு விளக்கம் இல்லை.

4. வெறியாட்டுப் பாடல்களில் வினாவின் இடம்

அணங்குதல் என்னும் வினை கதையமைப்பையே தாங்கி நிற்கும் இடம் வெறியாட்டுப் பாடல்களாகும். தலைவி மெலிகிறாள், நிறம் மாறுகிறாள், வளை நெகிழ்கிறது. காரணம் அறியாத தாய் முருகன் வருத்தினான் என எண்ணி வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு இட்டுப் பார்க்கிறான், ஆட்டுக்குட்டி பலியிடப்படுகிறது. ஆனால் தலைவியை வருத்தியவன் களவில் அவளைக் கூடிய தலைவனே என்பது தோழிக்குத் தெரியும், கேட்போர்க்கும் தெரியும். அவள் துன்புறுகிறாள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வருத்தியது யார் என்பதே இங்கு வினா.

வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய அகநானூறு 22ஆம் பாடல் இவ்வினாவைச் சொல்லாட்சியினாலேயே எழுப்புகிறது. தொடக்கத்தில் தலைவனின் மலை ‘அணங்குடை’ மலை எனப்படுகிறது. மலையில் உறையும் தெய்வம் வருத்தும் என்னும் ஊரார் நம்பிக்கை இவ்வடைக்குள் உள்ளது. ஓரடி இடைவிட்டு, அம்மலைநாடனின் மணம் கமழும் மார்பு ‘அணங்கிய’ துன்பம் என்று அதே சொல் வினையாக மீள்கிறது. பெயராக வந்தபோது மலைமேல் ஏற்றப்பட்ட வருத்தம், வினையாக வந்தபோது மார்பின்மேல் மாற்றப்படுகிறது. தாய் காரணத்தை மலையில் தேடுகிறாள். மகள் அதனை மார்பில் அறிவாள். ஒரே சொல் இரு வடிவில் வந்து இப்பிழையுணர்வை நிகழ்த்திக் காட்டுகிறது. இரண்டிடத்தும் எதுகை அமைந்திருத்தலால் கேட்போர் செவியில் இவ்விணைப்பு தவறாமல் விழும்.

இப்பாடலைப் பெயர்ப்போர் முன்னதற்குத் தெய்வம் என்றும் பின்னதற்குத் துன்பம் என்றும் இருவேறு சொற்களைக் கொள்வாராயின், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே சரியாக இருக்கும். பாடல் மட்டும் கைநழுவிப் போகும். ஒரு சொல்லையே இருமுறை பயன்படுத்தி, முதலில் ‘வருத்தும் மலை’ என்றும் பின்னர் ‘மார்பு வருத்திய துன்பம்’ என்றும் கூறுவதே மூலத்தின் வாதத்தைக் காப்பதாகும்.

வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன் பாடிய குறுந்தொகை 362ஆம் பாடலிலும் இதே அமைப்பு உண்டு. தோழி வேலனை நோக்கி, இவளை அணங்கிய மலைநாட்டுத் தலைவனின் மார்பும் நீ கொடுக்கும் பலியை உண்ணுமோ என்று வினவுகிறாள். வருத்தியவர்க்கே பலி உரியது என்பது வேலனின் நெறி. அந்நெறியை ஏற்றுக்கொண்டே தோழி அதனைக் கவிழ்த்துவிடுகிறாள். இவ்விடத்து அணங்கு என்பதற்கு அழகு, தெய்வத்தன்மை என்றெல்லாம் பொருள் கொண்டால் கேள்வியின் கூர்மை மழுங்கிவிடும்.

நற்றிணை 34ஆம் பாடல் ஒருபடி மேலே செல்கிறது. இந்நோய் தான் தந்த அணங்கு அன்று என்பதை அறிந்தும் வேலனின் அழைப்புக்கு இசைந்து வந்த முருகனையே அப்பாடல் அறியாமை உடையவன் என்கிறது. இங்கே அணங்கு என்பது தெய்வத்தின் பெயர் அன்று. தெய்வம் செய்த செயலின் பெயர். முன்னிலையில் நிற்கும் தெய்வத்தை நோக்கி ‘நினது அணங்கு’ அன்று எனக் கூறுவதால் இரண்டும் வேறு என்பது தெளிவாகிறது. செய்தவனும் செயலும் வேறுவேறாக நிற்கும் இத்தொடர், இச்சொல்லின் பழம்பொருளை உறுதிசெய்யும் சான்றுகளுள் முதன்மையானது.

5. வினையிலிருந்து பெயருக்கு: பொருள் மாற்றத்தின் படிகள்

வருத்தும் செயல் வருத்தும் பொருளுக்கு ஆகிவருதல் இயல்பான ஆகுபெயர். வருத்தும் பொருள்களுள் தெய்வம் தலையாயது என்னும் கருத்து வலுப்பெற்றபோது அணங்கு தெய்வத்தையே சுட்டத் தொடங்கியது. மலையிலும் துறையிலும் உறைவோர் பெரும்பாலும் மகளிராகக் கருதப்பட்டமையால் அது தெய்வமகளைச் சுட்டியது. பேரழகுடைய பெண்ணைத் தெய்வமகளோ என ஐயுறுதல் அகத்திணை மரபு; அம்மரபின் வழியே அழகிய பெண் என்னும் பொருளும் அமைந்தது. முடிவில் வருத்தம் முற்றிலும் மறைந்து பெண் என்னும் பொதுப்பொருளே எஞ்சியது.

இப்படிகள் பலவும் திருக்குறளில் ஒருங்கே காணப்படுவது இம்மாற்றத்தை ஆராய்வோர்க்குப் பெரும்பேறு. 1081ஆம் குறளில் ஐயுறும் தலைவன் கூறும் அணங்கு, பரிமேலழகர் உரைப்படி தெய்வமகள். அடுத்த குறளிலேயே அது தானே தாக்கி வருத்தும் அணங்காகி, ஒரு படையையும் உடன் கொண்டு வருகிறது. 918ஆம் குறளில் வஞ்சமுடைய மகளிரின் முயக்கம் அணங்கு எனப்படுகிறது. அங்கே பரிமேலழகர் அணங்குதாக்கு எனப் பொருள் கொள்கிறார். அதிகாரப் பெயரிலோ வினைப்பொருள் நிலைத்துள்ளது. ஒரே நூலுக்குள் செயல், செய்பவர், அழகு ஆகிய மூன்றும் உடனிருக்கின்றன.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் வாயிலோன் கண்ணகியைக் கண்டு அஞ்சி, இவள் இன்ன தெய்வம் அல்லள் என அடுக்கிக் கூறும் இடத்தில் இறைவனை ஆடச் செய்த காளியை அணங்கு என்கிறான். அங்கே அது பெண் தெய்வத்தின் பெயர். எனினும் அச்சம் நீங்கவில்லை. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி, வெறியாட்டுத் துறையைத் திருமாலடியார் நெறிக்கு மாற்றுகிறது. அதில் வரும் அணங்கு மருந்து வேண்டும் நோயையே குறிக்கிறது. தாயர் ஆட்டையும் கள்ளையும் நாடுகின்றனர். தோழியோ வருத்தியவன் வேறு, மருந்தும் வேறு என்கிறாள். பெயர்ப்பொருள் பெருவழக்கான காலத்தும் பழம்பொருள் துறை மரபோடு சேர்ந்து உயிர்வாழ்ந்தது என்பதற்கு இது சான்று.

நிகண்டுகள் ஒருசொற் பல்பொருள் முறையில் இவற்றையெல்லாம் அடுத்தடுத்து வைத்தன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் (1924-36) வருத்தம், நோய், அச்சம், தெய்வமகள், அழகு முதலியவற்றை எண்ணிட்டுத் தருகிறது. பட்டியல் முறை தேடுவோர்க்கு எளிது. ஆனால் பொருள்களுக்கிடையே உள்ள பிறப்புறவை அது காட்டுவதில்லை. இடத்துக்கு ஏற்ற ஒன்றைப் பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கலாம் என்னும் எண்ணத்தை அது மொழிபெயர்ப்பாளரிடம் தோற்றுவிக்கிறது.

6. புனித ஆற்றல் என்னும் கோட்பாடு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் அகராதியைக் கடந்து பண்பாட்டுக் கோட்பாடாக உருப்பெற்றது. ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட சங்க இலக்கிய நூலில், பழந்தமிழர் நம்பிய அச்சந்தரும் புனித ஆற்றலின் பெயராக அணங்கைக் கொண்டார். அது சிறப்பாகப் பெண்களிடம் உறைவது, கற்பினால் கட்டுக்குள் வைக்கப்படுவது என்பது அவர் விளக்கம். கமில் சுவலபில் 1979இல் பழந்தமிழ் நூல்களில் புனித ஆற்றலின் இயல்பு குறித்துத் தனிக் கட்டுரை எழுதினார். வி. எஸ். இராஜம் 1986இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழக இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே மறுப்பாக அமைந்தது: பெண்ணின் புனித ஆற்றலைக் குறிப்பதாகப் பொருள் சுருக்கப்பட்ட ஒரு கருத்து என அணங்கை அவர் குறிப்பிட்டார்.

இவ்விவாதத்தில் ஹார்ட்டின் பக்கமும் சான்றுகள் இல்லாமல் இல்லை. மகளிரின் மார்பையும் சுணங்கையும் அணங்கோடு சேர்த்துக் கூறும் பாடல்கள் உண்டு. ஆனால் அவற்றைக் கூறுவோர் பெரும்பாலும் காமுற்ற தலைவர். வருந்துபவன் தன்னை வருத்தியதைச் சுட்டுகிறான். அதே சூழலில் தலைவி பேசும்போது தலைவனின் மார்பு அணங்குகிறது. அணங்கு பெண்ணின் உடலில் உறையும் ஆற்றலாயின், தலைவி கூற்றில் அது ஆணின் மார்புக்கு இடம்பெயர்வதை விளக்க இயலாது. வருந்துபவர் யார் என்பதற்கு ஏற்ப வருத்துபவர் மாறுவதே இங்குள்ள ஒழுங்கு. கோட்பாட்டு அடிப்படையில் ‘புனித ஆற்றல்’ என ஒரே சொல்லால் எல்லா இடங்களையும் பெயர்த்தால், பெண்ணைப் பற்றி ஆண் கூறிய முறையீடு பெண்ணின் இயல்பாக மாறிவிடுகிறது. ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்த பிழை அவ்வளவில் நில்லாது ஒரு சமுதாயத்தைப் பற்றிய பிழையாக வளர்வதற்கு இது எடுத்துக்காட்டு.

7. எல்லைக்கு அப்பால்: தெலுங்கு ‘அணகு’

தெலுங்கில் அணகு என்பதற்கு அடங்குதல், ஒடுங்குதல், தணிதல் என்பன பொருள். சி. பி. பிரௌனின் அகராதி (1852) முதலாக இப்பொருள்களே பதிவாகியுள்ளன. இதன் பிறவினை ‘அணசு’ அடக்குதலைக் குறிக்கும். பொருளாலும், தன்வினை பிறவினை இணை உடைமையாலும் இது தமிழ் ‘அடங்கு’ என்பதோடு ஒத்து நிற்கிறது. டகரமும் ணகரமும் மாறிவரும் இரட்டை வடிவங்கள் தெலுங்கில் உண்மையும் இதற்கு அரண். ஆகவே ஒலியொப்புமை கொண்டு இதனை அணங்கின் இனமாகக் கருதுதல் பொருந்தாது.

இன்றைய தெலுங்கு எழுத்தில் ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்க ‘அணகாரின’ என்னும் பெயரெச்சம் பெருவழக்காக உள்ளது. தமிழில் இதற்கு நேராக ஒடுக்கப்பட்ட, நலிந்த என்னும் இரண்டு வடிவங்கள் வழங்குகின்றன. இவை ஒத்த பொருளன போலத் தோன்றினும் இலக்கணத்தால் வேறுபட்டவை. ‘ஒடுக்கப்பட்ட’ என்பது செயப்பாட்டு வடிவம். ஒடுக்கியவர் ஒருவர் உண்டு என்பதை அது உணர்த்துகிறது. ‘நலிந்த’ என்பது தன்வினை. நலிவித்தவர் எவர் என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. தெலுங்கு ‘அணகாரின’ வடிவத்தால் பின்னதையே ஒத்தது. வழக்கிலோ முன்னதன் அரசியல் பொருளைத் தாங்குகிறது. தடாவின் இருபுறமும் எழுதப்படும் அறிக்கைகளையும் கதைகளையும் பெயர்ப்போர், வடிவத்தைப் பின்பற்றுவதா வழக்கைப் பின்பற்றுவதா என ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியவராகின்றனர். வருத்தியது யார் என்னும் வெறியாட்டுப் பாடல்களின் பழைய வினா இங்கு வேறொரு களத்தில் மீண்டும் எழுகிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, அணங்கு என்பதன் அடிப்படை வினைப்பொருள்; தெய்வம், பெண், அழகு என்பன அதிலிருந்து கிளைத்தவை. இரண்டாவது, சங்கப் பாடல்களைப் பெயர்க்கும்போது வருத்துபவர், வருத்தம், வருந்துபவர் என்னும் மூன்றனுள் எதனை இச்சொல் சுட்டுகிறது என முதலில் துணிந்து, ஒரே பாடலில் அது மீண்டும் வருமாயின் அதே சொல்லைக் கொண்டே பெயர்த்தல் வேண்டும். மூன்றாவது, பேச்சு யாருடையது என்பதை நோக்காமல் இச்சொல்லுக்குப் பொருள் காணுதல் கூடாது.

1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் பெ. சுந்தரம் பிள்ளை தமிழ்மொழியைத் தமிழணங்கு என விளித்தார். அவ்வாழ்த்துப் பகுதி 1970இல் தமிழ்நாட்டு அரசு விழாக்களுக்கு உரியதாகி, 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. இன்று அதனைப் பாடுவோர் அணங்கு என்னும் சொல்லில் தெய்வமகளின் எழிலை மட்டுமே உணர்கின்றனர். அவ்வாறு உணர்தல் வழக்கினால் வந்த உரிமை. ஆனால் அதே சொல்லைக் குறுந்தொகையில் காணும் மொழிபெயர்ப்பாளர் அவ்வுரிமையைப் பின்னோக்கிச் செலுத்துதல் ஆகாது. அங்கே ஒருத்தி நோயுற்றிருக்கிறாள். அதற்குக் காரணமானவனை அவள் தோழி பெயர் கூறாது சுட்டுகிறாள். அச்சுட்டைக் கேட்கச் செய்வதே பெயர்ப்பவர் கடன்.